எந்த வாசல் வழியாக வருகிறது நோய்? பினாங்கு ஆலய நிர்வாகங்களுக்கும் தண்ணீர்ப்பந்தல் அன்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும், தைப்பூசப் பாதையில் பந்தல் போட்டுத் தண்ணீரும் மோரும் அன்னமும் வழங்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

திருவிழாவுக்கு முன்னால் நம் ஆலயங்களில் வழக்கமாக இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி வேலை செய்யும் கோத்தோங் ரோயோங் வைத்து, சுற்றிலும் உள்ள லோங்காங்கை, அதாவது சாக்கடையை, வாரிச் சுத்தம் செய்கிறோம். பிறகு ஆள் வைத்துக் கொசுவுக்குப் புகை அடிக்கிறோம். இரண்டும் நல்ல மனத்தோடு செய்யும் வேலைகள். ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, லோங்காங்கில் ஓடும் அழுக்குத் தண்ணீரை நாடிப் போவதில்லை. அதற்குத் தேவை, தெளிந்து அசையாமல் நிற்கும் தண்ணீர். புகையோ அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும், பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டையையும் அது தொடாது. காலையில் புகைக்குத் தப்பிய கூட்டுப்புழு மாலையிலேயே கொசுவாகி எழுந்துவிடலாம்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கொள்ளைநோயைத் துரத்திய வரலாற்றைப் புரட்டினால் பேர்பெற்ற மருத்துவர்களும் பெரிய அரசுகளும் இதே இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். பூட்டு நல்ல பூட்டுதான். நோய் வந்தது வேறு வாசல் வழியாக. அந்த வரலாற்றில் ஒரு பெரும்பகுதி நம் மண்ணிலேயே நடந்தது. அதைச் சொல்லிவிட்டு ஆலயத்துக்குள் வருகிறோம்.

1848இல் லண்டனில் காலரா பரவியபோது, நாற்றம்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். நாற்றத்தைப் போக்க, வீட்டுக் கழிவை எல்லாம் சாக்கடை வழியாகத் தேம்ஸ் ஆற்றில் தள்ளினார்கள். ஊரில் பலர் குடித்த தண்ணீரும் அதே ஆற்றிலிருந்துதான் வந்தது. கெட்ட காற்றை விரட்டப் போய், நோயைக் குடிதண்ணீரில் கலந்துவிட்டார்கள். 1854இல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பிராட் தெருப் பகுதியில் இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்தார். அவர்களில் பெரும்பாலோர் ஒரே அடிகுழாயில் தண்ணீர் எடுத்தவர்கள். அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் கண்டது அதற்கும் 30 ஆண்டுகள் கழித்துத்தான். கிருமியின் பெயர் தெரியாமலே ஸ்னோ சரியான வாசலைக் கண்டுபிடித்திருந்தார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1901இல் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானில் பொறுப்பேற்றார். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டு நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கிள்ளானில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அந்த ஆண்டு புதிதாகத் திறந்த சுவெட்டன்ஹம் துறைமுகத்தை, அதாவது இன்றைய போர்ட் கிள்ளானை, மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்கு நிலைமை முற்றியது. வாட்சன் நகரைச் சுற்றியிருந்த சதுப்புக் காட்டை வெட்டச் சொன்னார். திறந்த வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். அங்கே மலேரியாவைப் பரப்பியது நிழலில் தேங்கிய தண்ணீரில் வளரும் ஒருவகை அனோபிலிஸ் கொசு. நிழலும் போய், தண்ணீரும் வடிந்ததும் அது ஒழிந்தது. காய்ச்சல் மளமளவென்று இறங்கியது.

இதைப் பார்த்து, மலைச்சரிவில் இருந்த ரப்பர் தோட்டங்களிலும் அதையே செய்தார்கள். காட்டை வெட்டினார்கள், ஓடைகளை வெயிலில் திறந்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை, ஏறியது. மலைப்பக்கத்தில் இருந்தது வேறு கொசு, அனோபிலிஸ் மாக்குலாட்டஸ். அதற்கு வெயில் வேண்டும்; மெல்ல ஓடும் தெளிந்த தண்ணீர் வேண்டும். ஓடைக்கரையின் ஊற்றுக்கசிவுதான் அதன் தொட்டில். சமவெளியில் நோயை ஒழித்த அதே மண்வெட்டி, மலையில் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது. அந்தத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள் யார்? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் மக்கள். தண்ணீர் வசதிக்காக லயங்கள் பெரும்பாலும் ஓடைப்பக்கமே கட்டப்பட்டதால் முதல் கடி அவர்களுக்குத்தான்.

வாட்சன் தன் முறையை மாற்றினார். ஊற்றுத் தண்ணீரை மண்குழாய் பதித்து நிலத்துக்கடியில் கொண்டுபோனார். அப்படிச் செய்ய முடியாத ஓடைகளில் எண்ணெய் தெளிக்க வைத்தார். கொசுப்புழு தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்துதான் மூச்சு வாங்கும். எண்ணெய்ப் படலம் அந்த மூச்சை அடைத்துவிடும். ஆனால் படலம் கலைந்துவிடும் என்பதால் அதை வாராவாரம் தெளிக்க வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை என்ற இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் நமக்கு வேண்டும். கொசு வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் நம் நாட்டுக்குள் யாருக்கும் உள்ளூரில் தொற்றவில்லை. அதற்கு அடித்தளம் போட்டவற்றில், எந்த இடத்தில் எந்தக் கொசு என்று முதலில் பார்க்கும் இந்தப் பழக்கமும் ஒன்று.

இரண்டாவது பாடம் பினாங்கில் பிறந்த ஒருவருடையது. 1879இல் இங்கே பிறந்து, பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றவர் வூ லியன் தே. 1910 டிசம்பரில் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும் என்று உலகமே நம்பிய காலம். எலியைப் பிடித்துச் சோதித்தார்கள். எலிகளில் நோய் இல்லை. இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்த வூ, கிருமி நுரையீரலில் இருப்பதைக் கண்டார். இருமலில் தெறிக்கும் எச்சில் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்கு இது நேரே தாவுகிறது என்றார். பஞ்சையும் மல்துணியையும் அடுக்கி முகக்கவசம் செய்து எல்லாரையும் அணியச் சொன்னார். அனுபவமிக்க பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமல் நோயாளிகளிடம் போனார், சில நாள்களில் அதே நோயால் இறந்தார். வூ வீடுவீடாகச் சோதிக்க வைத்தார், ரயில் பெட்டிகளைத் தனிமைக் கூடங்களாக்கினார், உறைந்த நிலத்தில் புதைக்க முடியாமல் குவிந்து கிடந்த சடலங்களை எரிக்க அரசரிடம் அனுமதி வாங்கினார். ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற நோய் 1911 மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் அடங்கியது. அவர் 1960இல் பினாங்கிலேயே காலமானார். நம் ஊரார் இவரை இன்னும் நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆதங்கம். 2020இல் கோவிட் காலத்தில், மூச்சு வழி பரவும் நோய்க்குச் சாலைகளில் கிருமிநாசினி தெளித்துக்கொண்டிருந்தபோது அவரை நினைத்திருக்கலாம்.

மூன்றாவது இன்னும் அண்மையது. 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் இறங்கியது. தடயங்கள் கண்முன்னேயே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. பன்றிகள் இருமிச் செத்தன. பன்றியைத் தொடாத அக்கம்பக்கத்தாருக்கு ஒன்றும் இல்லை. கொசுதான் காரணம் என்றால் அது வீடு பார்த்தா கடிக்கும்? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் ஆனது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த நோய் அது. 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 10 லட்சம் பன்றிகளைக் கொன்றபிறகே நின்றது. அதற்குமுன் கொசுவின்மேல் போன மாதங்கள் திரும்பி வரவில்லை.

நம் முன்னோர் வாசலைச் சரியாகப் பார்த்த இடமும் உண்டு. அம்மை கண்ட வீட்டின் நிலையில் வேப்பிலை செருகினால் வெளியார் உள்ளே போகமாட்டார்கள், வீட்டார் வெளியே புழங்கமாட்டார்கள். ஆள்விட்டு ஆள் தொற்றும் பெரியம்மைக்கு அது சரியான தடுப்பு. உலகத்திலிருந்தே பெரியம்மை ஒழிந்தது என்று 1980 மே 8இல் அறிவித்தபோது, அதைச் சாதித்தவற்றில் முக்கியமான ஒரு முறை, நோயாளியைத் தனிப்படுத்தி அவரைச் சுற்றியிருப்போருக்கு மட்டும் உடனே தடுப்பூசி போட்டதுதான். ஆனால் அதே வேப்பிலை டிங்கியைத் தடுக்காது. டிங்கி ஆள்விட்டு ஆள் தொற்றுவதில்லை. நடுவில் ஒரு கொசு வேண்டும்.

டிங்கி பினாங்குக்குப் பழைய விருந்தாளி. 1902இலேயே பினாங்கின் டிங்கி பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். இரத்தக்கசிவோடு வரும் கொடிய டிங்கி, நம் நாட்டில் முதன்முதலில் அறியப்பட்டதும் 1962இல் பினாங்கில்தான். 1975இல் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் வந்தது. உங்கள் வளாகத்தில் புழு இருந்தால் அபராதம் போட அதிகாரம் தருவது அந்தச் சட்டமே. இத்தனைக்கும் பிறகு 2019இல் நாடு முழுவதும் 1,30,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள்.

இனி ஆலயத்துக்குள் வருவோம். சந்நிதி முன்னால் இருக்கும் வெண்கல உருளியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பி, செவ்வந்தியும் ரோஜாவும் மிதக்கவிட்ட அழகான உருளி. பூவை ஒதுக்கிவிட்டுக் கைவிளக்கை அடியுங்கள். அரை அங்குலம்கூட இல்லாத மெல்லிய புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். வாலைத் தண்ணீர்மட்டத்தில் ஒட்டி மூச்சு வாங்கும். வெளிச்சமோ நிழலோ பட்டால் நெளிந்து அடிக்குப் போகும். கொஞ்சநேரத்தில் மறுபடியும் மேலே வரும். காற்புள்ளி வடிவில் சுருண்டிருப்பவை கூட்டுப்புழு. அவை ஓரிரு நாளில் கொசுவாகும். பூவை மட்டும் தினமும் மாற்றி, குறைந்த தண்ணீருக்கு மேல்தண்ணீர் ஊற்றி வருவதுதான் இங்கே நடக்கும் பிழை. ஏடிஸ் தண்ணீரில் முட்டை இடுவதில்லை. தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். மேல்தண்ணீர் ஊற்றும்போது மட்டம் ஏறி முட்டை நனையும், நனைந்ததும் பொரியும். அதாவது நாமே தினமும் முட்டைக்குத் தண்ணீர் காட்டுகிறோம்.

அதனால் உருளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை பசைபோல ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை லோங்காங்கில் ஊற்றாமல் வெயில் படும் மண்ணில் ஊற்றுங்கள், புழு அங்கேயே செத்துவிடும். நம் தட்பவெப்பத்தில் முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை தேய்த்தால் எந்த முட்டையும் கொசுவாகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேய்த்தால், இடையில் ஒரு தலைமுறை பறந்துவிட்டிருக்கும். வாட்சன் காலத்து வாரக்கணக்கு இதுதான். நமக்கோ நாள் தேடவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பூஜைக்காக வியாழக்கிழமை எப்படியும் கழுவுகிறோம். கழுவாமல் விடும் இடங்களை மட்டும் அந்த வேலையில் சேர்த்தால் போதும்.

விடும் இடங்கள் எவை? மேலிருந்து தொடங்குவோம். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களின் மடியிலும், ஏந்திய கையிலும், யாளியின் திறந்த வாயிலும் மழைநீர் நிற்கும். அங்கே தினமும் ஏற முடியாது. அடுத்த முறை வண்ணம் பூசும்போது அந்தக் குழிகளைச் சுண்ணச்சாந்தால் சரிவாக அடைத்து, தண்ணீர் வழிந்தோடச் செய்யுங்கள். காங்கிரீட் மொட்டைமாடியில் பள்ளம் விழுந்த இடம், இலை அடைத்த கூரைப்பீலி ஆகியவை கண்ணுக்குத் தெரியாதவை என்பதால்தான் மோசமானவை. தரையில் நின்று பார்த்து, பீலி சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஏணி வேண்டும். அபிஷேகத் தண்ணீர் வடியும் கோமுகியின் அடித்தொட்டி, கால் கழுவும் தொட்டி, துளசிமாடத்துச் சட்டியின் அடித்தட்டு, மடப்பள்ளி ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, அலுவலகத்து ஏர்கான் தண்ணீர் விழும் வாளி, பயன்படுத்தாத கழிவறைத் தொட்டி இவை எல்லாம் வாரக் கணக்கில் வரவேண்டும். தாமரைத் தொட்டியைக் கவிழ்க்க முடியாது. அதில் நாலைந்து கப்பி மீன் விடுங்கள். தேர்க்கொட்டகையின் தார்ப்பாயில் மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் நிற்கும். அதை இழுத்துக் கட்டுங்கள், அல்லது நடுவில் கம்பு கொடுத்துச் சரிவாக்குங்கள். பந்தல் போட்ட மூங்கிலின் வெட்டிய மேல்முனை ஒரு குடுவைதான். கணுவை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள்; வெட்டியாகிவிட்டால் முனையில் மணல் நிரப்புங்கள்.

குடிக்காத தண்ணீரைக் கவிழ்க்கவும் முடியாமல், மூடவும் முடியாமல் போனால், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து போடலாம். 1 விழுக்காட்டு மணல்மருந்து என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம். அசையாத தண்ணீரில் இரண்டு மூன்று மாதம் வேலை செய்யும். தண்ணீரை மொண்டு மொண்டு மறுபடி நிரப்பும் பீப்பாயில் அது சீக்கிரம் கரைந்துபோகும். போட்டாகிவிட்டது என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும்.

தைப்பூசத் தேங்காய்க்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பது பினாங்கின் தனிச்சிறப்பு. சாலையில் சிதறியவற்றை உடனே அள்ளிவிடுகிறார்கள். அது நன்றாகவே நடக்கிறது. தவறுவது சாலையோரத்தில்: லோங்காங் ஓரம் உருண்டவை, பந்தலுக்குப் பின்னால் தள்ளியவை, ஆலயத்து வளாகத்தின் மூலையில் நாளைக்கு லாரி வரும் என்று குவித்தவை. வெளியில் வளரும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்குத் தேங்காய் மூடி நல்ல தொட்டில். தைப்பூசம் பினாங்கில் மழை குறைந்த காலத்தில் வருவதால், அப்போது புழு தெரியாது. ஒரு தூறலில் முட்டை இடப்பட்டு, பிறகு மூடி காய்ந்தே கிடக்கும். ஏப்ரல் மழை விழுந்ததும் மொத்தமாகப் பொரியும். அதனால் பிப்ரவரியில் சுத்தமாகத் தெரிகிறது என்பது சான்று ஆகாது. இரதம் கடந்த மூன்றாம் நாளுக்குள் பாதையின் இரண்டு ஓரங்களையும் ஆள் நடந்து பார்த்து மூடிகளைப் பொறுக்க வேண்டும். உடனே அப்புறப்படுத்த முடியாத குவியலைக் கவிழ்த்துப் போட்டாவது தார்ப்பாயால் இறுக்கி மூடுங்கள்.

புகை வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆலயத்தின் அருகே நோயாளி இருக்கிறார் என்று உறுதியானால், கிருமி ஏறிய கொசு பறந்துகொண்டிருக்கும். அதைக் கொல்லப் புகை வேண்டும். சுகாதார இலாகா அடிக்கும் புகை அதற்குத்தான். அப்போதும் இரண்டு தவறுகள் நடக்கின்றன. முதலாவது, புகை வருகிறது என்று கதவு சன்னல்களைச் சாத்திவிடுவது. ஏடிஸ் ஈஜிப்டி உள்ளேதான் ஒளிந்திருக்கும்: திரைச்சீலைக்குப் பின்னால், தொங்கும் வேட்டியில், வாகனங்கள் வைக்கும் இருட்டறையில். உணவையும் நைவேத்தியத்தையும் மூடிவைத்து, மீன்தொட்டியை மூடி, ஆள்கள் எல்லாரும் வெளியேறி, கதவைத் திறந்துவைத்துப் புகையை உள்ளே விடுங்கள். அரைமணி நேரம் கழித்து உள்ளே போங்கள். இரண்டாவது, நண்பகலில் அடிப்பது. தரை சூடானால் புகை நேரே மேலே போய்விடும். விடிந்தவுடனோ, பொழுது சாயும்போதோ அடித்தால் தரையோடு படரும். அந்தக் கொசு அதிகம் கடிக்கும் நேரமும் அதுவே. ஒருமுறை அடித்தால் 7 முதல் 10 நாளுக்குள் இரண்டாம் முறை அடிக்க வேண்டும். இடையில் புழுவை ஒழிக்காவிட்டால் இரண்டும் வீண். நோயாளியே இல்லாதபோது மாதாமாதம் அடித்தால், பணமும் போகும், மருந்துக்குப் பழகிய கொசுவும் மிஞ்சும்.

ஆலயத்தில் ஏடிஸ் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு மலிவான வழி உண்டு. 300 மில்லி பிடிக்கும் கருப்பு டப்பாவில் பாதிக்குமேல் தண்ணீர் விட்டு, சொரசொரப்பான ஹார்ட்போர்டுக் குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். நிழலான நாலைந்து இடங்களில் வைத்து ஐந்தாம் நாள் எடுத்துப் பாருங்கள். குச்சியில் கருமிளகுத் தூள்போல் ஒட்டியிருந்தால் அது முட்டை. எந்த இடத்துக் குச்சியில் அதிகமோ, அதன் பக்கத்தில் தேடினால் கொசு வளரும் இடம் கிடைக்கும். இந்தக் கொசு பொதுவாக 200 மீட்டருக்கு மேல் போவதில்லை. ஒரு வாரத்துக்கு மேல் டப்பாவை மறந்துவிடாதீர்கள், மறந்தால் அதுவே கொசு வளர்க்கும்.

குருக்களுக்கோ, மடப்பள்ளி ஊழியருக்கோ, தொண்டருக்கோ டிங்கி என்று தெரிந்தால் ஆலயத்துக்குக் கெட்டபெயர் வரும் என்று மறைக்க வேண்டாம். மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் இலாகாவுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம், அவரோடு ஒத்துழையுங்கள். காய்ச்சல் இருக்கும் நாலைந்து நாளும் நோயாளியைக் கடிக்கும் கொசு கிருமியை வாங்கிக்கொள்ளும். 8 முதல் 12 நாள் கழித்து அது அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்கும். அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்து தொடங்கும் நாள் என்பது பலருக்குத் தெரியவில்லை. அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல், அசதி, மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கஷாயமும் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடக் காரணமாகக் கூடாது.

தண்ணீர்ப்பந்தல் அன்பர்களுக்குச் சில சொற்கள். காலராவும் டைபாய்டும் வயிற்றுப்போக்கும் வரும் வாசல் வாய். கையும் தண்ணீரும் உணவும் அதற்கு வழி. பினாங்கில் குழாய்த் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுத்தான் வருகிறது. குழாயை விட்ட பிறகே அது கெடுகிறது. லோங்காங் ஓரம் கிடந்த ரப்பர் குழாயால் பிடிக்கிறோம், முன்பு என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாயில் நிரப்புகிறோம், மீனுக்கு அடிக்கும் கட்டி ஐஸை உடைத்துப் போடுகிறோம், குவளையைக் கையோடு உள்ளே முக்குகிறோம். கடைசி இரண்டும்தான் கூடுதல் கெடுதல்.

மூடியும் அடிக்குழாயும் உள்ள, உணவுக்கென்றே செய்த பீப்பாய் வாங்குங்கள். பந்தலுக்கு முதல்நாள் தேய்த்துக் கழுவி, 200 லிட்டர் தண்ணீர் நிரப்பி, வாசனை சேர்க்காத 5 விழுக்காட்டு குளோரின் பிளீச் 200 மில்லி கலந்து, அடிக்குழாயிலும் கொஞ்சம் திறந்துவிட்டு, 12 மணி நேரம் வைத்து, முழுதும் கொட்டி, நல்ல தண்ணீரால் அலசுங்கள். இது பாத்திரம் கழுவும் அளவு, குடிக்கும் அளவு அல்ல. குடிக்கும் தண்ணீரில் ஐயம் இருந்தால் கொதிக்க வைப்பதே மேல். அதற்கு வழி இல்லாதபோது, தெளிந்த தண்ணீர் 200 லிட்டருக்கு அதே பிளீச் 20 மில்லி கலந்து அரைமணி நேரம் மூடி வையுங்கள். கலங்கல் தண்ணீரில் இது பலிக்காது. மண்ணே குளோரினைத் தின்றுவிடும். பல மாதம் திறந்து கிடந்த பிளீச்சும் வீரியம் இழந்திருக்கும். கழிவறைக் கழுவும் அமிலத்தோடு பிளீச்சை எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். மோருக்குத் தின்னக்கூடிய குழாய் ஐஸ் மட்டும்.

உணவு பரிமாறும் தொண்டர்களுக்கு டைபாய்டு ஊசி போடுங்கள், அது 3 ஆண்டு தாங்கும். வயிற்றுப்போக்கு இருந்தவரை, அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அடுப்படியில் விடாதீர்கள். அண்டா நிறைய வடித்த சோறு வெதுவெதுப்பாக இருப்பதே கெடுதல். சோற்றில் வெந்தும் சாகாத கிருமிவித்து உண்டு. வெதுவெதுப்பில் அது பெருகி நஞ்சு கக்கினால், மறுபடி சூடுபண்ணினாலும் நஞ்சு போகாது. 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக வையுங்கள். முடியாவிட்டால் 4 மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள். அதற்கேற்பச் சிறு சிறு அண்டாவாகப் பல தடவை வடிப்பது நல்லது. புளிச்சோறு புளிப்பினால் கொஞ்சம் தாங்கும். தேங்காய்ச் சட்னி வெயிலில் தாங்காது.

எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஒருவரைத் தண்ணீர்ப் பொறுப்பாளர் என்று பெயர் சொல்லி நியமியுங்கள். மேலே சொன்ன இடங்களை உங்கள் ஆலயத்துக்கேற்ப ஒரு தாளில் எழுதி மடப்பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். வியாழன்தோறும் அவர் நடந்து பார்த்து, தேய்த்த இடத்துக்கு நேரே கையெழுத்திடட்டும். ஊருக்குப் போனால் யார் பார்ப்பார் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். வழக்கமாகப் புகைக்கு ஒதுக்கும் பணத்தில் பீலிக்கு வலை, பீப்பாய்க்கு மூடி, கோபுரக் குழிகளுக்குச் சாந்து, ஓர் ஏணி, இரண்டு கைவிளக்கு வாங்குங்கள். எங்கே பார்ப்பது என்று காட்டித்தர ஆள் வேண்டுமானால் அழையுங்கள். வியாழக்கிழமை காலையில் நாங்கள் வருகிறோம், கட்டணம் இல்லை.

பணிவன்புடன்,
பொதுச் சுகாதாரத்திலும் கொசு ஒழிப்பிலும் பணிபுரியும் பினாங்குத் தமிழர் சிலர்